அப்பா வெட்டி எறிந்த குலைகள்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டில் அவருடைய படத்தின் அருகே ஒரு கறுத்த சிலேட்டுக் கல் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதால் அதன் கதையை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்து உரும்பிராயில், திராட்சைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். யுத்தம் துரத்த, ஜெர்மனிக்கு அகதியாகப் போனார். மோசல் ஆற்றோரத்தில் திராட்சை பறிக்கும் வேலை கிடைத்தது. பந்தலின் கீழ் நின்று பறித்துப் பழகியவருக்கு அங்கே செங்குத்து மலை, கால் வைத்த இடமெல்லாம் சிலேட்டுக் கல்.

முதல் அறுவடையிலேயே பிழை விட்டார். பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய குலைகளைக் கண்டதும் ஊர்த் தோட்டக்காரர் செய்வதையே செய்தார். வெட்டி எறிந்தார். மத்தியானத்துக்குள் ஒரு வரிசை முடிந்தது. அந்தப் பூஞ்சணப் பழத்தில்தான் விலை கூடிய இனிப்பு வைன் செய்வார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தோட்டத்துச் சொந்தக்கார அம்மையார் வந்து, கீழே கிடந்த குலைகளைப் பார்த்தாராம். அகதி மனு முடிவாகாத நேரம். வேலையும் போனால் என்ன கதி? அப்பா முழங்காலில் இருந்து, கல்லிடுக்கில் கிடந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் அம்மையாரும் பக்கத்தில் இருந்து பொறுக்கினார். அடுத்த ஆண்டிலிருந்து அந்த வரிசையை அப்பாவைத் தவிர வேறு எவரையும் அவர் தொட விடவில்லை.

லண்டனுக்கு வந்து, கடை நடத்தி, எங்களைப் படிப்பித்த பிறகும் அப்பா மோசல்காரர்தான். ஜெர்மனி என்றால் பியர்தானே என்று யாராவது வாய்விட்டால் தொலைந்தார்கள். ரோமர் அங்கே கொடி நட்டது, பகல் வெயிலைக் கல் பிடித்துவைத்துக் குளிரில் கொடிக்குக் கொடுப்பது, ஆற்று வெள்ளம் ஏறிய உயரத்தை வீட்டுச் சுவரில் கோடு கீறி வைப்பது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் எழும்பலாம். மாமாமார் ஓடி ஒளிந்ததும் உண்டு. இத்தனைக்கும் அப்பா மதுவை நாவில் வைத்தவர் அல்லர். வெள்ளிக்கிழமை விரதமும் தவறியதில்லை.

அவருடைய கடைசி வாரத்தில் அம்மையாரின் மகள் இந்தக் கல்லையும் அந்த வரிசையின் வைன் போத்தல் ஒன்றையும் கொண்டுவந்தார். அப்பா என்னைப் பார்த்து, "ஒரு சொட்டு தா பிள்ளை" என்றார். அம்மா திகைத்துப் போனார். கரண்டி நுனியில் கொடுத்தேன். அப்பா கண்ணை மூடிச் சுவைத்தார்.

"இதையோ நான் எறிஞ்சனான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நாங்கள் கண்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அது.

அப்பாவை இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், தென் லண்டன் சட்டனிலிருந்து நாள் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த மாமிக்கும், துயரில் தோள் கொடுத்த அனைவருக்கும், ஆற்றோரத்திலிருந்து வந்த அம்மையாரின் மகளுக்கும் எங்கள் நன்றி. அந்த வரிசையை அவர்கள் இன்றும் அப்பாவின் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்களாம். இந்த அறுவடைக்கு அதில் பறிக்க நாங்கள் எல்லோரும் போகிறோம். ஒரு குலையையும் எறிய மாட்டோம், அப்பா.