கிடார் துளைக்கு ஒரு மூடி

பேட்டரியில் ஓடும் கிடாரைக் கண்டுபிடித்த புண்ணியவான் ஏற்காட்டில் ஒரு மாதம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும். அந்தச் சின்னச் சதுர பேட்டரி எங்கள் கடைத்தெருவில் கிடைக்காது. தீர்ந்தால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு கீழே, அதே இருபது மேலே, பஸ்ஸில் ஏறினாலே எனக்கு வாந்தி. எண்பதுகளின் கடைசியில் ஒரு காபிப் பறிப்புக் காலத்தில் மட்டும் நான்கு முறை இப்படி இறங்கி ஏறினேன். கடைசி இரண்டு முறையும் எங்கள் ஊர் ஆள் ஒருவரைத்தான் திட்டிக்கொண்டு போனேன்.

அவர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்கள் சர்ச்சின் மைக் செட்டும் அவர் பொறுப்புதான். பாட்டுக்குழுவில் என் அக்கா பாடுவாள், நான் கிடார் வாசிப்பேன். மற்றவர்களுக்கு ஒரு தடவை மைக்கின் உயரத்தைச் சரிசெய்பவர், அக்காவுக்கு மட்டும் இரண்டு தடவை செய்வார். அக்காவும் இரண்டாவது தடவை வரைக்கும் வாயைத் திறக்காமல் காத்திருப்பாள். மழைக்காலம் முடியும்போது அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து முறைப்படி பெண் கேட்டார். பறிப்பு முடியட்டும், பதில் சொல்கிறேன் என்றார் அப்பா.

அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். சொத்து, படிப்பு எதையும் அவர் பெரிதாகக் கேட்க மாட்டார், ஆளின் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். பழக் கூடையில் பச்சைக்காய் கலந்திருந்தால் பறித்தவரின் குணத்தையே எடைபோட்டுவிடுவார். அக்காவின் கல்யாணம் அவருடைய ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கப்பலில் வேலை செய்த மாமா எனக்கு ஒரு புது பிக்கப் கொண்டுவந்தார். தந்தியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சமாச்சாரம் அது. என் பழைய பிக்கப்புக்கு எந்தத் தீனியும் வேண்டாம், இது ராஜா வீட்டுக் கன்றுக்குட்டி, பேட்டரி கேட்டது. ஒயர் செருகும் ஜாக்கையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய ஜாக்குக்கு இரண்டு கால், புதியதற்கு மூன்று.

ரேடியோக் கடை அண்ணன் பிக்கப்போடு வந்த படத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பற்றவைத்தார். பேட்டரியின் கறுப்பு ஒயரை மூன்றாவது காலில் சேர்த்தார். "இதுக்குத் தனியா சுவிச்சு இல்லீங்க தம்பி. பிளக்கச் சொருகினா பேட்டரி ஓடும், புடுங்கினா நின்னுரும். வாசிச்சு முடிச்சா மறக்காம புடுங்கி வெச்சிருங்க" என்றார். நான் மறக்கவில்லை. இதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். வாசித்து முடித்த மறு நிமிடமே ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன்.

முதல் வாரம் கிடார் மணிபோல் பேசியது. இரண்டாம் வாரம் ஜாக் துளைக்குள் குளவி மண்கூடு கட்டிவிட்டது. மலையில் சாவித் துவாரம், குழாய் முனை எதையும் குளவி விட்டுவைக்காது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். குளவி கூடு கட்டினால் வீட்டில் நல்ல காரியம் நடக்குமாம், கலைக்கக் கூடாதாம். அவள் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்துச் சாக்கு தைக்கும் கோணியூசியால் மண்ணைச் சுரண்டி எடுத்தேன். மறுபடி கட்டாமலிருக்க அறுந்துபோன பழைய ஒயரிலிருந்து பிளக்கை மட்டும் வெட்டித் துளையில் செருகினேன். அளவெடுத்துச் செய்த மூடிபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வாசிக்கும்போது மூடியை எடுப்பேன், முடிந்ததும் மறுபடி போடுவேன்.

பத்து நாளில் பேட்டரி செத்தது. சரி, சரக்கு பழசு என்று இன்னொன்று வாங்கி வந்தேன். அதுவும் செத்தது. கிடாரைக் கடைக்குத் தூக்கிப் போனேன். அண்ணன் மூடியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. பிளக்கப் புடுங்கித்தானே வெக்கறீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் என்ன பச்சப் புள்ளயாங்ணா? மூணு ஒயர் பத்தவெக்கறதுக்கு இத்தன பாடா?" என்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர் பற்றவைத்த இடத்தையெல்லாம் உருக்கி மறுபடி பற்றவைத்துக் கொடுத்தார்.

மூன்றாவது பேட்டரி சர்ச் திருவிழா ஆராதனையில் போனது. அக்கா பாடிக்கொண்டிருக்கையில் கிடார் சளி கட்டியதுபோல் கரகரத்து அடங்கியது. இரண்டாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் சோற்றுத் தட்டின் முன்னால் கொட்டித் தீர்த்தேன். மூணு ஒயரை ஒழுங்காகச் சேர்க்கத் தெரியாதவன், ரெண்டு தடவை செய்தும் தேறாதவன், இவனெல்லாம் மெக்கானிக்காம். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. அப்பா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாலுமே ரெண்டு தடவ பாத்தும் சரியாகலயா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் குப்பனூரிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக அம்மா சொன்னாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் நான்காவது பேட்டரி வாங்க சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை, இனி யாரையும் நம்புவதில்லை என்று நானே ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்தேன். மூடியை எடுக்காமலே ஜாக்கைக் கழற்றி வெளியே இழுத்தேன். மூன்றாவது காலின் தகடு மூடியின் பித்தளைமேல் அழுந்திக்கொண்டிருந்தது. ஒயர் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, பிளக் பிளக்தான். குளவிக்குப் பயந்து வாரம் ஏழு நாளும் நானே சுவிட்சைப் போட்டு வைத்திருந்தேன். அவர் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை.

உடனே அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம், வேறொன்றுமில்லை. அத்தனை பேச்சுப் பேசிவிட்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வியாழன் போனது, வெள்ளி போனது, சனியும் போனது. ஞாயிற்றுக்கிழமை குப்பனூர்க்காரர்களுக்கு பஜ்ஜித் தட்டை நீட்டியதே நான்தான். அப்பா அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஒருவழியாகச் சொன்னேன். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி முழுக்கக் கேட்டார். "நேத்து வரைக்கும் எங்க சாமி போயிருந்த?" என்றார். குரலை உயர்த்தவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். வாக்கைத் திருப்பி வாங்குகிற ஆள் அவர் இல்லை. உள்ளே அக்கா தலை பின்னிக்கொண்டிருந்தாள், எல்லாம் கேட்டிருக்கும்.

ரேடியோக் கடைக்கும் போனேன். என் மன்னிப்பை முழுதாகச் சொல்லவிடாமல், "ஊட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொன்னேன், ஆனால் நேற்றே வாக்குக் கொடுத்தாயிற்று என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் திறந்து கிடந்த ரேடியோவின் மேல் குனிந்துகொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்காவிடம் போய் நின்றேன். நீ சர்ச்சுக்குள் நடந்து வரும்போது நான் வாசிக்கிறேன், இப்போது கிடார் எங்கேயும் நிற்பதில்லை என்றேன். மடித்துக்கொண்டிருந்த புடவையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம் சாமி. அன்னைக்கு அது ஒழுங்கா வேல செஞ்சுதுன்னா என்னால தாங்க முடியாது."