மலையில் பிறந்தவருக்கு ஓய்வு எதற்கு

அவருக்குத் துருத்தி என்று பெயர் வைத்தது சுரங்கத்து மருந்தகம்தான். வருடம் ஒரு முறை தொழிலாளிகளை ஒரு குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளப்பார்கள். அவர் பதினான்காயிரம் அடி உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பீப்பாய் போன்ற மார்பு. "மெதுவா ஊதுங்க அண்ணே, மிஷினுக்கு ஏதாவது ஆயிடப்போகுது" என்று நர்ஸம்மா கெஞ்சுவாள்.

வேலை ரோப்வேயின் மேல் நிலையத்தில். தாதுக்கல் நிரம்பிய இரும்புத் தொட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டுக் கீழே அனுப்பும் இஞ்சினை இருபத்தாறு வருடம் ஓட்டினார். அந்த உயரத்தில் காற்று மெலிவு என்பதால், கீழேயிருந்து யார் வந்தாலும் முதல் நாள் முழுக்க ஓய்வறையில் படுத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அவர் அதிகாரிகளைக்கூட விட்டதில்லை.

"போய்ப் படுங்க சார். உங்க நாற்காலி எங்கயும் ஓடிடாது."

மகளின் பிரசவத்துக்காக அந்த வருடம் நாற்பது நாள் விடுப்பு எடுத்து, மனைவியோடு சமவெளிக்கு இறங்கினார். அத்தனை நாள் அவர் மலையை விட்டு இருந்ததே இல்லை. பேத்தி தூங்கியதெல்லாம் அவர் மார்பில்தான்.

திரும்பி வந்த அன்று மனைவி சொன்னாள்: "என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் படுங்களேன்."

"நானா? பொறந்த வீட்டுக்கு வந்தவன் வாசல்ல காத்துக் கிடப்பானா?"

பையைக் கூடத்தில் வைத்துவிட்டு நேராக இஞ்சினுக்குப் போனார். அங்கே உதவியாளன் மனைவியின் தம்பி. முதல் கம்பத்தில் ஒரு தொட்டி சிக்கியிருந்தது. அவனை ஏறவிடாமல் இவரே ஏறி விடுவித்தார்.

மறுநாள் காலை வறட்டு இருமல். "ஊர்த் தூசி" என்றார். மதியத்துக்குள் படுக்கவே முடியவில்லை. மார்புக்குள் களகளவென்று சத்தம். உதடு நீலம். துப்பியபோது இளஞ்சிவப்பு நுரை.

நர்ஸம்மா விரலில் கருவியை மாட்டினாள். அந்த உயரத்தில் அவர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு எப்போதும் எண்பத்தாறு காட்டும். இப்போது ஐம்பத்தெட்டு.

"நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. ஆக்சிஜன் வைக்கிறேன். ஆனா உடனே கீழ இறக்கணும், இல்லேன்னா ஆளு மிஞ்சமாட்டாரு."

"ஜீப்பை எடுக்கவா?" என்றான் தம்பி.

"ரோடு இன்னும் ஆயிரம் அடி மேல போய்த்தானே இறங்குது? அவ்வளவு தாங்கமாட்டாரு."

எல்லோர் பார்வையும் தொட்டிகள் மேல் போனது. மனிதரை அதில் ஏற்றினால் இஞ்சின் ஓட்டியவனின் வேலை போய்விடும் என்பது விதி. துருத்தி ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "வேணாம்டா மச்சான்... உன் வேலை..." என்றார்.

"போனா போகட்டும்," என்றாள் மனைவி. "டேய், உனக்கு ஆயுசுக்கும் நான் சோறு போடறேன். தொட்டியை நிறுத்து."

அவள் முதலில் ஏறி உட்கார்ந்து அவரைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நடுவில் சிலிண்டர். தொட்டி அந்தரத்தில் ஆடிய அந்த நிலையிலும் அவர் காது இஞ்சினிடம்தான் இருந்தது.

"வேகம்... ஜாஸ்தி..."

"இப்ப நீங்க சரக்கு. சரக்கு பேசக்கூடாது."

சொல்லிவிட்டு அவர் தலைக்குப் பின்னால் சத்தமில்லாமல் அழுதாள். இருபத்தைந்து நிமிடம். கீழே ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து விளக்கினார்.

"மலைக்காரருக்கும் இது வரும் ஐயா. வாரக்கணக்கா கீழ இருந்தா நுரையீரலுக்கு உயரம் மறந்துபோகும். திடீர்னு ஏறினா ரத்தக்குழாய் இறுகி நீர் கசியும். குழாய்ல ஊதிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்பவும் வரலாம். ஒண்ணு மேலயே இருங்க, இல்ல கீழயே இருங்க."

மகள் கட்டிலருகே குழந்தையோடு நின்றாள். அவர் குழந்தையை நெடுநேரம் பார்த்தார்.

"கீழ் நிலையத்துல தொட்டியைக் கவிழ்க்கிற வேலை ஒண்ணு இருக்காம்," என்றார் கடைசியில். "அதுக்கு மூச்சே தேவையில்ல. குழந்தைகூடச் செய்யும்."

நிர்வாகம் மச்சானின் வேலையைப் பறிக்கவில்லை. பதினைந்து நாள் தற்காலிக நீக்கத்தோடு விட்டது. அந்த நாட்களில் அவன் அக்காவோடு மேலே போய் வீட்டைக் காலி செய்து, சாமான்களை ஜீப்பில் கொண்டுவந்தான். துருத்தி அதற்குக்கூடப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாமான்களை இறக்கும்போது அவர் கேட்டார்: "இஞ்சின் எப்படி ஓடுது?"

"வேற யாரையோ போட்டிருக்காங்க மாமா. நல்லாத்தான் ஓடுது."

அவர் பாத்திர மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார்.