கிளட்ச் வாத்தியார்

காலை பாசஞ்சரின் கார்டு, பிரேக் வண்டியில் நின்றபடியே சொன்னார்: "ஒங்க வாத்தியார் போயிட்டாருங்க மாஸ்டர். நேத்து சாயங்காலம், ஆவூர்ல." பச்சைக் கொடியைக் காட்டி வண்டியை அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருப்பவன், அழுவதற்கும் வண்டி போகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

வாத்தியார் என்றால் அருளப்பன், என் சிநேகிதர். உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பழைய மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் பேப்பரை விரித்து, எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். தன் எஞ்சின் காற்றிலேயே ஆறிவிடுகிறது, டீசல் எஞ்சினுக்கு மட்டும் தண்ணீர் ஏன் என்பார். எனக்கு அலுப்பாக இருக்கும். அவர் வராத ஞாயிறு அதைவிட அலுப்பு.

எங்கள் லைனில் டீசல் ஓட ஆரம்பித்த புதிது. "என் வண்டியில கிளட்ச்ச பைய விடலேன்னா எஞ்சின் நின்னு போவுது. இத்தன பெட்டிய இழுத்துக்கிட்டு அது மட்டும் எப்படிங்க மாஸ்டர் குலுங்காமக் கெளம்புது?" என்றார். எனக்குத் தெரியாது. ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு கிளட்ச் இருக்கிறது என்று அளந்துவிட்டேன். அவர் நம்பி, மறுநாளே வகுப்பில் படம் போட்டு நடத்திவிட்டார்.

சில மாதம் கழித்து, எதிர் வண்டிக்கு வழிவிடும் கிராஸிங்குக்காக ஒரு டீசல் எங்கள் ஸ்டேஷனில் நின்றது. கிளட்ச்சைக் காட்டும்படி டிரைவரிடம் கேட்டார் வாத்தியார். டிரைவர் சிரித்தார். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேர்த் தொடுப்பே கிடையாது, எஞ்சின் ஒரு ஜெனரேட்டரை ஓட்டிக் கரண்டு உண்டாக்குகிறது, அந்தக் கரண்டில் மோட்டார்கள் ஓடிச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாத்தியார் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் வகுப்பில், தான் நடத்தியது தப்பு என்று சொல்லிவிட்டுப் புதிதாகப் படம் போட்டிருக்கிறார். முதலில் யார் சொன்னது என்று ஹெட்மாஸ்டர் கேட்டதற்கு, தானாக யோசித்தது என்றாராம். அன்றிலிருந்து ஊருக்கே அவர் கிளட்ச் வாத்தியார். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கூசும். ஒருநாள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "விடுங்க மாஸ்டர். தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. ரெண்டு பேருமா போயிக் கேட்டுக்குவோம்" என்று ஸ்பேனரைத் துடைத்து வைத்தார்.

போன மாதம் கடைசியாக ஒன்று கேட்டார். "என் வண்டிய நான் ஒதைக்கிறேன். டீசல யாருங்க ஒதைக்கிறா?"

தெரியலேங்க என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். டிரைவரிடம் கேட்டு வைக்கிறேன் என்றும் சொன்னேன். டிரைவர்கள் வந்தார்கள், போனார்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் கேட்டேன். பேட்டரி கரண்டு, ஜெனரேட்டரையே மோட்டார் போலச் சுற்றவைத்து எஞ்சினைக் கிளப்பிவிடுமாம். வாத்தியாரிடம் சொல்லியிருந்தால் அதிலிருந்து இன்னும் பத்துக் கேள்வி வந்திருக்கும். இப்போது வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கறைதான் இருக்கிறது.

அவரிடம் படித்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கிளட்ச் என்னுடையது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன், அதுவும் காலம் கடந்து. அவர் எனக்காகச் சுமந்த பெயரையும் இனி நானே வைத்துக்கொள்கிறேன். கிளட்ச் மாஸ்டர் என்று கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.