மாமா தட்டிப் பார்த்த டயர்கள்

பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலையில்லாமல் கிடந்த அந்த வருடம் முழுக்க நான் பார்த்த ஒரே உத்தியோகம், மாமாவின் வேனுக்குக் காற்றடித்ததுதான். ஆயக்குடியில் கொய்யாக் கூடைகளை ஏற்றி, சாயந்தர ஏலத்துக்குள் திண்டுக்கல் மண்டியில் இறக்க வேண்டும். தினமும் அதே ரோடு, அதே புழுதி, அதே பம்பு. சலித்துப்போய்விட்டது.

காற்றை அளக்கும் கேஜ் மாமாவிடம் கிடையாது. மரச் சுத்தியல் ஒன்று வைத்திருந்தார். காலையில் கிளம்பும்போது டயர்களை அதால் தட்டிச் சத்தத்தைக் கேட்டு மனசில் வைத்துக்கொள்வார். மத்தியானம் லோடு ஏற்றியதும் மறுபடி தட்டுவார். வெயிலில் ஓடிச் சூடேறிய டயர் விண்ணென்று ஒலிக்கும். வெடித்துவிடுமோ என்று பயந்து, காலையில் கேட்ட அதே சத்தம் வரும்வரை வால்வை அழுத்திக் காற்றை இறக்குவார். விடிந்து பார்த்தால் டயர் தொளதொளவென்று கிடக்கும். நான் அடிக்க வேண்டும்.

"சூட்டுல காத்து விரியத்தான் மாமா செய்யும். எறக்குனா டயரு நசுங்கி ஓடி இன்னும் சூடாகும்."

"காலேசுல வேன் ஓட்டவா சொல்லிக் குடுத்தாய்ங்க? பம்பைப் புடி மாப்ளே."

ஏற்கனவே இரண்டு தடவை பங்சராகி, ஏலம் முடிந்த பிறகு போய் நின்றிருந்தோம். இன்னொரு தடவை லேட்டானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக மண்டி பாய் சொல்லிவிட்டார். பாயின் கொய்யாவை விட்டால் மாமாவுக்கு வேறு லோடு இல்லை.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஒட்டன்சத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோது மாமா நான்கு டயரிலும் காற்றை இறக்கினார். பிறகு வேனின் கூரைமேல் ஏறினார். அங்கே காய்ந்துகொண்டிருந்த ஸ்டெப்னி டயரிலிருந்து 'புஸ்' என்று சத்தம் வந்தது.

"அது சும்மாதான கெடக்கு மாமா!"

"சும்மா கெடந்தா வெயிலு ஒறைக்காதா?"

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கினோம். கூடைகளின் பாரத்தில் அந்த டயரும் தோசை மாதிரி உட்கார்ந்துவிட்டது. திரும்ப ஜாக்கி, திரும்ப பம்பு. தோள்பட்டை கழன்றது. வேனுக்குள்ளிருந்து கனிந்த கொய்யாவின் வாசனை குப்பென்று அடித்தது.

மாட்டுவண்டியில் போன ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன அப்பு, காத்துப் பத்தலையா? திண்டுக்கல்லுல வாங்கியாரவா?"

மாமா அவரைக் கவனிக்கவே இல்லை. சுத்தியலால் தட்டித் தட்டிக் காதை வைத்தார். "இன்னும் வரல. அடி, அடி."

"எது வரல?"

"காலைல கேட்ட சத்தம்."

மண்டிக்குப் போனபோது ஏலம் முடிந்து சாக்குகளை உதறிக்கொண்டிருந்தார்கள். பாய் கத்தவில்லை. ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

"நாளைக்கு நீங்க ஆயக்குடி போவேணாம்ணே. வேற வண்டிக்குச் சொல்லிட்டேன்."

"டயரு வெடிச்சிருச்சு பாய்..."

"எப்பவும் டயருதான்ணே."

மறுநாள் காலை 'தொப் தொப்' என்ற சத்தத்தில்தான் விழித்தேன். மாமா வழக்கம்போல வேனைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"காத்துக் கம்மியா இருக்கு மாப்ளே."

"எங்க போறோம் மாமா?"

மாமா சுத்தியலோடு பின் டயர் பக்கத்தில் அப்படியே நின்றார். நான் எழுந்துபோய் பம்பை எடுத்தேன்.