வத்சலாவின் ரவை

லண்டன் செவன் கிங்ஸில் வசிக்கும் சுசிலா ஓர் எலக்ட்ரீஷியன். ஞாயிறுகளில் துப்பாக்கி கிளப்புக்குப் போவார். கறுப்பு வெடிமருந்தைத் தானே அளந்து நிரப்பி, ஒவ்வொரு தடவையும் சுத்தியலைப் பின்னிழுத்துச் சுடும் பழைய பாணி ரிவால்வர் அவருடையது. அங்கே அவர்தான் எப்போதும் முதல். புதிதாகச் சேர்ந்த டாக்டர் வத்சலா சில மாதங்களிலேயே அவரை முந்திவிட்டார். வத்சலாவின் இலக்கு அட்டையில் குண்டு துளைத்த ஓட்டைகள் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துச் சுசிலாவுக்கு வயிறு எரிந்தது.

வத்சலா வெடிமருந்தைக் கூட்டித்தான் சுடுகிறாள் என்று நினைத்து, தானும் ரிவால்வரைத் தயாரித்தவர்கள் சொன்ன உச்ச அளவையும் தாண்டி அளந்தார்.

"அய்யோ அக்கா, ரிவால்வர் தாங்காது!" என்றார் பக்கத்தில் நின்ற வத்சலா.

"நீங்கள் எவ்வளவு போடுறனீங்கள்?"

"அதுல பாதிதான். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவுல இடைவெளி விடாம ரவை போட்டு நிரப்புவேன்."

"உப்புமா ரவையோ?"

"ஆமா. கொஞ்சம் தரவா?"

"வேண்டாம், என்னட்ட இருக்கு."

சுசிலாவிடம் இருக்கவில்லை. மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் ரவை வாங்கினார். அடுத்த ஞாயிறு அவருடைய ஓட்டைகளும் நெருங்கின. ஆனால் வத்சலாவின் ஓட்டைகள் இன்னும் நெருக்கமாக இருந்தன.

"நல்லாச் சுட்டிருக்கிறியள்" என்றார் சுசிலா, வத்சலாவின் முகத்தைப் பார்க்காமலே.