லிதியா ஒளித்த மூன்று சங்கிலிகள்

எங்கள் தீவின் லெவுகா சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்கும் லிதியாவுக்கு ஊரில் எதிரி யாரும் இல்லை, தேங்காயெண்ணெயைத் தவிர. குளித்ததும் நாங்கள் எல்லாரும் மேலுக்கு எண்ணெய் பூசுவோம். அவள் கழுத்தை மட்டும் விட்டுவிடுவாள். காரணம், தங்க முலாம் பூசிய மூன்று சங்கிலிகள். குட்டை, நடுத்தரம், நெட்டை என்று சேர்த்துப் போட்டால் அடுக்கடுக்காகத் தொங்கும். கழற்றியதும் பஞ்சுத் துணியால் துடைத்து, சிக்கு விழாமல் தனித்தனிப் பையில் போட்டு, டப்பாவை இறுக மூடுவாள். அந்தக் கவனிப்பில் பாதி கிடைத்திருந்தால் அவள் புருஷன் ஜோசுவா கொஞ்சம் சதை போட்டிருப்பார்.

அந்த ஞாயிறு தேவாலய ஆண்டு விழா. பாடகர் குழுவின் முன்வரிசையில் மூன்றையும் போட்டுக்கொண்டு நிற்பதுதான் அவள் கனவு. முதல்நாள் பார்த்து நாத்தனார் சலசெய்னி படகில் வந்து இறங்கினாள். எங்கள் தீவுகளில் சொந்தக்காரர் வாய்விட்டுக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், மறுபேச்சு கிடையாது. லிதியாவின் நல்ல பாயும் கெட்டிலும் அப்படித்தான் சலசெய்னியோடு படகேறிப் போயிருந்தன.

டப்பா இருந்த அறையில்தான் விருந்தாளிக்குப் படுக்கை. அவள் கண்ணில் படாமலிருக்க லிதியா மூன்றையும் கழுத்தில் மாட்டி, சட்டையை மேல்பொத்தான் வரை பூட்டிக்கொண்டாள். அப்படியே தூங்கினாள். காலையில் அப்படியே வேர்க்க வேர்க்கக் குழியடுப்பின் சுடுகற்களைப் புரட்டினாள்.

ஆராதனை நடுவே யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் முன்வரிசையில் நின்று பொத்தானைக் கழற்றினாள். சங்கிலிகள் மங்கிக் கிடந்தன. கழுத்தைச் சுற்றிப் பச்சை வளையம். பக்கத்தில் நின்ற நான் சிரிப்பை அடக்கியதில் பாட்டில் ஒரு வரியே விட்டுப்போனது.

வீட்டுக்கு வந்ததும் சலசெய்னி பிடித்துக்கொண்டாள். "கழுத்துல என்ன அண்ணி, பாசி புடிச்சிருக்கு?"

"சும்மா இருடி."

"நான் போன வருசமே பாத்துட்டேன். டப்பாவத் தொறந்து தொறந்து சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களே."

"பாத்துட்டு ஏன்டி கேக்கல?"

"கேட்டா குடுத்துருவீங்களே. அதான்."

லிதியாவுக்கு அழுகை வந்துவிட்டது. சலசெய்னியே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி ஒற்றித் துடைத்தாள். இரண்டு தேறின. நெட்டையில் கொக்கிப் பக்கம் முலாம் போயிருந்தது.

திங்கட்கிழமை படகுத்துறையில், தேறியதில் நீளமானதை லிதியா நாத்தனாரின் கழுத்தில் மாட்டினாள்.

"நான் கேக்கவே இல்லையே அண்ணி!"

"வாய மூடிக்கிட்டுப் போட்டுக்கோ. எண்ணெய் பூசுறதுக்கு முன்னாடி கழட்டிடு. சென்ட் அடிக்காத. கடல்ல எறங்காத. தெனமும் தொடச்சு வை..."

படகு கிளம்பியும் அவள் நிறுத்தவில்லை. தண்ணீருக்கு அப்பாலிருந்து சலசெய்னி கத்தினாள்:

"அண்ணி, இதுக்கு இன்னொரு கெட்டிலே குடுத்திருக்கலாம்!"