காற்றுக்குக் காவல் இருந்தவர்

செந்துறைக்குக் கிழக்கே முந்திரிக்காடு முடிந்து செம்மண் மேடு தொடங்கும் இடத்தில் அய்யாக்கண்ணு அண்ணனின் கொட்டாய் இருக்கிறது. அரைக் கிலோமீட்டருக்கு வேறு வீடு கிடையாது. ஐம்பத்து நான்கு வயது. இதுவரை அவர் பார்த்த வேலை எல்லாமே காவல்தான். பங்குனி, சித்திரையில் முந்திரிக்கு. மழைக்காலத்தில் பன்றி வராமல் மக்காச்சோளத்துக்கு. நடுவில் இரண்டு வருஷம், ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பழுதாகிக் கிடந்த பெரிய இயந்திரத்துக்கு. பத்து லாரி வந்தாலும் அதை அசைக்க முடியாது. ஆனாலும் காவல் இருந்தார்.

போன தை மாதம் அவருக்குக் கிடைத்தது காற்றைக் காக்கிற வேலை.

சுவாதி கால்நடை ஆராய்ச்சி மாணவி, நான் அவருக்கு உதவியாள். மேய்ச்சலுக்குப் போகும் கறவை மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு மீத்தேன் விடுகிறது என்று அளப்பது அவருடைய ஆராய்ச்சி. பூமியைச் சூடாக்கும் வாயு அது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னதும் எல்லாரும் மாட்டின் பின்பக்கத்தை நினைத்துச் சிரித்தார்கள். ஏப்பத்தில்தான், வாய் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது என்று நம்ப வைக்க இரண்டு நாள் ஆயிற்று. எட்டு மாடுகளின் கழுத்திலும் மாட்டுக்கொரு டப்பா தொங்கவிட்டோம். உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட காலி டப்பா. மூக்கருகிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்குப் போகும். மாடு மேய மேய, அது விடும் மூச்சை டப்பா நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும்.

வெறுங்காற்றிலும் சிறிது மீத்தேன் உண்டு. அதைக் கழித்தால்தான் கணக்கு சரியாக வரும். அதற்காக ஒன்பதாவது டப்பா, மாடே இல்லாத இடத்தில் ஒரு கம்பத்தில் தொங்க வேண்டும். அய்யாக்கண்ணு அண்ணனின் மேடு அதற்குத் தோதாக இருந்தது. எட்டு வாரத்துக்கு அந்தப் பக்கம் மாடு வரக்கூடாது, குப்பை கொளுத்தக்கூடாது. அவ்வளவுதான் காவல். தினமும் காலை ஏழு மணிக்குப் பைக்கில் போய் டப்பாவை மாற்றி வருவது என் வேலை.

பஸ் ஸ்டாப் டீக்கடை பாலசுந்தரம் அய்யாக்கண்ணு அண்ணனை விடவில்லை. "ஏம்ப்பா, நேத்து எத்தன படி காத்து களவு போச்சு?" என்பார். "ஒனக்கு ரெண்டு படி எடுத்து வச்சிருக்கேன், பையக் கொண்டா" என்பார் இவர். நாலு பேர் சிரிப்பார்கள். இவரும் டீயைக் குடித்துவிட்டு மேட்டுக்குத் திரும்பிவிடுவார்.

அவரிடம் ஒரு செவலைப் பசு உண்டு. மனைவி ஆண்டாயி கன்றாகப் பிடித்து வந்து வளர்த்தது. ஆண்டாயி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகள் பானுப்ரியா திருப்பூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பசு பால் மறுத்து இரண்டு வருஷம். சினை ஊசி மூன்று தடவை போட்டும் நிற்கவில்லை. கறவை இல்லாததால் எங்கள் எட்டு மாட்டில் அதற்கு இடமில்லை. மேட்டிலும் இருக்கக்கூடாது என்பதால் ஊருக்குள் தனம் அக்காவின் கொட்டகையில் கொண்டுபோய்க் கட்டினார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் நான் போனபோது கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் மண் புதிதாகக் கிளறிப் போட்டிருந்தது. மண்ணின் ஓரத்தில் சாணம் தெரிந்தது. கொட்டாய்க்குப் பின்னால் வாலால் ஈ ஓட்டும் சத்தம் கேட்டது. நான் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் டப்பாவைப் பார்த்தேன். நோட்டில் 'அருகில் மாடு உண்டா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த நாளும் எழுதினேன். ஒன்பது நாள் எழுதினேன்.

இருபதாம் நாள் சுவாதியே நேரில் வந்தார். முதல் இரண்டு வார டப்பாக்களைச் சோதித்ததில், மேட்டில் தொங்கியதன் கடைசி மூன்று நாள் அளவு மட்டும் எகிறியிருந்தது. வெறுங்காற்றில் இவ்வளவு வர வழியில்லை. அய்யாக்கண்ணு அண்ணன் காலையிலேயே பசுவை முந்திரிக்காட்டுக்குள் ஓட்டிவிட்டிருந்தார் போல, அது கண்ணில் படவில்லை. குழாயில் ஓட்டையா, பக்கத்தில் ஏதாவது மட்கிக் கிடக்கிறதா என்று சுவாதி மேடு முழுக்க நடந்து பார்த்தார். இந்த டப்பா தப்பானால் எட்டு மாட்டுக் கணக்கும் தப்பு, ஒரு வருஷ உழைப்பு வீண் என்று என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். அது அய்யாக்கண்ணு அண்ணனின் காதிலும் விழுந்தது.

"ஓட்டையெல்லாம் இல்ல பாப்பா. அது எம் மாடுதான்" என்றார். "தம்பிக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும்.

சுவாதி கோபப்படவில்லை, ஏன் என்றுதான் கேட்டார். அய்யாக்கண்ணு அண்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு சொன்னார்.

"காவல்னா கத்தணுங்க. பன்னிய வெரட்டணும், கொட்ட பொறுக்க வர்ற பொம்பளைங்கள அதட்டணும், தகரத்தத் தட்டணும். இங்க யார அதட்டறது? ஒரு நாளு சாயந்தரம் மக போன் பண்ணுச்சு. எடுத்துப் பேசுறேன், கொரலே வரல. காத்துதான் வருது. காலைல தம்பி போனப்பறம் வாயே தொறக்கலன்னு அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. 'ஏய், அங்கிட்டு நில்லு'ன்னு சொல்றதுக்காவது ஒன்னு வேணும்ல? ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்."

சுவாதி யோசித்து ஒரு வழி சொன்னார். டப்பாவை வேறு யார் நிலத்துக்காவது மாற்றிவிடலாம், பசு இங்கேயே இருக்கட்டும், யாருக்கும் சங்கடமில்லை. நியாயமான வழிதான். அய்யாக்கண்ணு அண்ணன் கம்பத்தையும் கொட்டாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப காலம்பற ஏழு மணிக்கு தம்பி இந்தப் பக்கம் வராதுல்ல?" என்று சுவாதியிடம்தான் கேட்டார்.

சுவாதி டப்பாவை மாற்றும் பேச்சை விட்டார். பசுவை மறுபடி தனம் அக்கா வீட்டில் விடுகிறீர்களா என்றார். அது ஆகாது, பக்கத்தில் இருந்தால் திரும்பவும் போய் அவிழ்த்து வந்துவிடுவேன், எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை என்றார் இவர். பெரம்பலூர் தாண்டிப் பூலாம்பாடியில் அவருடைய தங்கை இருசம்மாள் இருக்கிறார். அன்று மதியமே குட்டியானை வண்டி பிடித்துப் பசுவை ஏற்றி அனுப்பினார். வாக்குக் கொடுத்தாயிற்று, படிக்கிற பிள்ளையின் உழைப்பைக் கெடுக்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். வண்டி கிளம்பும்போது பின்பக்கம் போகவில்லை, டிரைவரிடம் வழி சொல்லிக்கொண்டு முன்னாலேயே நின்றார்.

திரும்பும் வழியில் நோட்டு விஷயத்தைச் சுவாதியிடம் ஒப்புக்கொண்டேன். செந்துறையில் பைக்கை நிறுத்தினேன். இறங்கும்போது, "நாளைலேருந்து கண்ல பட்டத எழுதுங்க" என்றார்.

அதன் பிறகு ஐந்து வாரம். கண்ணில் பட எதுவும் இல்லை. நான் பத்து நிமிஷம் கூடுதலாக இருந்து பார்த்தேன். பேச நினைத்துப் போவேன், ரோடு போடுகிறார்களா, முந்திரி பூத்திருக்கிறதா என்பதோடு தீர்ந்துவிடும். ஒரு நாள் என் பையிலிருந்த கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "பாதிப் பக்கம் வெறும்னு கெடக்கே தம்பி, இதுக்கும் காசு வாங்குறானா?" என்றார். இருவரும் சிரித்தோம். அந்த ஐந்து வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

கடைசி நாள் கம்பத்திலிருந்து டப்பாவைக் கழற்றியதும், சுவாதி மடிக்கணினியில் அந்த மேட்டுக் காற்றை அதுவரை சோதித்ததன் வரைபடத்தைக் காட்டினார். தரையோடு ஓடும் கோடு, பன்னிரண்டாம் நாள் மேலே ஏறி, இருபதுக்குப் பிறகு இறங்கி, அப்புறம் கடைசி வரை தட்டையாகவே போனது. அய்யாக்கண்ணு அண்ணன் மேலே ஏறிய இடத்தில் விரலை வைத்தார்.

"இது அவளா?"

ஆமாம், அந்த ஒன்பது நாளைக் கணக்கில் சேர்க்க முடியாது, காரணம் எழுதித் தனியாக வைப்போம் என்றார் சுவாதி. நடுவில் பதினாறாம் நாள் மட்டும் ஏன் இறங்குகிறது என்று தனக்கே புரியவில்லை என்றும் சொன்னார்.

"அன்னிக்குத் தூத்தல் போட்டுச்சு பாப்பா. நனையுதேன்னு உள்ள கட்டிட்டேன். விடிய விடிய உள்ளதான் நின்னா. மறுநாளு வெயில் வந்தப்பறம்தான் கம்பத்துக்கிட்ட வந்தா. இந்தா, இங்க ஏறுதுல்ல? அன்னிக்கு சோளத்தட்ட ஒரு கட்டு போட்டேன்."

சுவாதி பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். ஒன்பது நாளையும் அண்ணன் சொல்லி முடித்தார். எழுதியது ஒரு பக்கத்துக்கு மேல் வந்தது. பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, இருபத்தொன்றிலிருந்து ஐம்பத்தாறு வரை ஏதாவது குறித்துக்கொள்ள வேண்டுமா அண்ணே என்று கேட்டார்.

அய்யாக்கண்ணு அண்ணன் அந்தக் கோட்டைக் கடைசி வரை பார்த்தார்.

"அதுல சொல்றதுக்கு ஒன்னுமில்ல" என்றார்.

கொட்டாய்க்குள் போய்ப் புதுக் கயிறு ஒன்றை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். இப்போது கிளம்பி அரியலூர் போய்ப் பெரம்பலூர் பஸ் பிடித்தால் சாயந்தரத்துக்குள் பூலாம்பாடி போய்விடலாமா என்று என்னைக் கேட்டார். போகலாம் என்று சொல்லிப் பைக்கை எடுத்தேன்.